சோகை முற்றினால் ரத்தப் புற்றுநோய் ஆகுமா?

தேனிக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அக்காவுக்கு வயது 41. கொஞ்ச காலமாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, முகம் வெளிறிக் கிடக்கிறது. போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹெச்பி, அதாவது ஹீமோகுளோபின், 7.4. அது போதாதென்று தட்டணு (பிளேட்லெட்) 5.4 லட்சம் என்று தடித்த எழுத்தில் அம்புக்குறி போட்டு வந்திருக்கிறது. சித்தி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் நம்ம தெருவுல ஒருத்தருக்குச் சோகைன்னு ஆரம்பிச்சு பிளட் கேன்சர்ல போய் முடிஞ்சுது" என்று அக்கா முன்னாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அடுத்த மாதம் வரச் சொன்னார், அவ்வளவுதான். சோகை முற்றினால் புற்றுநோய் ஆகுமா? தட்டணு ஏன் ஏறியிருக்கிறது?

சோதனைக்குழாய்:
ஆகாது. முதலில் இதைச் சித்தியிடம் சொல்லுங்கள்.

நான் லேப்பில் வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. ஆனால் நாள் முழுக்க இந்த ரிப்போர்ட்டைத்தான் பார்க்கிறேன். ஹெச்பிக்குக் கீழே இன்னும் பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை. சிவப்பணு எண்ணிக்கை, எம்.சி.வி., எம்.சி.ஹெச்., ஆர்.டி.டபிள்யூ., வெள்ளையணு, அதன் வகைப்பிரிப்பு. இதெல்லாம் எவ்வளவு என்று போடுங்கள். அப்புறம் ஒரு கேள்வி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா பச்சரிசி மெல்லுவாரா?

தேனிக்காரி:
உங்களுக்கு எப்படித் தெரியும்? அரிசி களையும்போது ஒரு கை வாய்க்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பல்பம் தின்று அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறாள்.

சிவப்பணு 39 லட்சம், எம்.சி.வி. 63, எம்.சி.ஹெச். 19, ஆர்.டி.டபிள்யூ. 20. வெள்ளையணு 6,800. நியூட்ரோஃபில் 61, லிம்ஃபோசைட் 30, மற்றதெல்லாம் ஒற்றை இலக்கத்தில்.

சோதனைக்குழாய்:
சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வெள்ளையணு, அதன் வகைகளான நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கின்றன.

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு. 80க்கும் 100க்கும் நடுவில் இருக்க வேண்டும். 63 என்றால் அணுக்கள் சிறுத்துப் போய்விட்டன. எம்.சி.ஹெச். என்பது ஒரு சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின், அதுவும் குறைவு. ஆர்.டி.டபிள்யூ. என்பது அணுக்களுக்குள் எவ்வளவு அளவு வித்தியாசம் என்பது. பொதுவாகப் பதினான்கு, பதினைந்து வரை வரலாம். 20 என்றால் பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கின்றன. இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும்போது முன்பு உருவான அணு நல்ல அளவிலும் புதிதாக வருவது சிறுத்தும் இருக்கும். அந்தக் கலவைதான் இது.

தட்டணு ஏறியதற்கும் இரும்புக் குறைவே காரணமாக இருக்கலாம். ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையில் இரும்பு பற்றாதபோது தட்டணு உற்பத்தி கூடுவது ரொம்ப சகஜம். இரும்பு நிரம்பினால் தானாக இறங்கும். அம்புக்குறியை மெஷின் போடுகிறது. ஏன் ஏறியது என்பது அதற்குத் தெரியாது.

பச்சரிசி, பல்பம், செங்கல்தூள், விபூதி, ஐஸ் கட்டி என்று உணவல்லாததைத் தேடித் தின்னும் ஆசை இரும்புக் குறைவின் பழைய அடையாளம். பழக்கம் என்று திட்டுவார்கள், பாவம். இரும்பு ஏறினால் பலருக்கு அந்த ஆசை தானே போய்விடும்.

எதற்கும் டாக்டரிடம் கேட்டு, உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிடின் டெஸ்ட் பாருங்கள், கூடவே ஸ்மியரும்.

மண்வாசனை:
இதற்கெல்லாம் எதற்கு இத்தனை டெஸ்ட்? பீட்ரூட் ஜூஸ், மாதுளை, பேரீச்சை, முருங்கைக்கீரை. ஒரு மண்டலம் சாப்பிட்டால் ரத்தம் ஊறிவிடும். நம் பாட்டிகள் ஃபெரிடினா பார்த்தார்கள்?

மஜ்ஜை:
பாட்டிகள் ஃபெரிடின் பார்க்கவில்லை, பிரசவத்தில் செத்தும் போனார்கள். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். (நான் ரத்தவியல் பிரிவில் இருக்கும் மருத்துவர். இங்கே யாருக்கும் வைத்தியம் எழுதித் தரமாட்டேன், பொதுவாகப் பேசலாம்.)

பீட்ரூட் சிவப்பாக இருப்பது அதன் சாயத்தால். அதில் இரும்பு சொற்பம். மாதுளையும் அப்படியே. கீரையில் இரும்பு உண்டு, ஆனால் தாவர இரும்பை நம் குடல் மிகக் குறைவாகத்தான் உறிஞ்சும். எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். பாட்டி வைத்தியத்தில் நான் கைதட்டுவது சுவரொட்டிக்கு. சுவரொட்டி என்கிற ஆட்டு மண்ணீரலில் இருப்பது ரத்த இரும்பு, குடல் அதை எளிதாக எடுத்துக்கொள்ளும். வயசுக்கு வந்த பெண்ணுக்குச் சுவரொட்டி வறுத்துக் கொடுத்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனாலும் ஹெச்பி 7.4க்கு அதுவும் போதாது, மருந்து வேண்டும்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. சோகை ஒரு நோயின் பெயரே இல்லை, காய்ச்சலைப் போல அது ஓர் அடையாளம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனால் சோகை என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டிருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 2019-21இல், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதத்துக்கு மேல் இந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். பாதிக்குப் பாதி. சோகை முற்றிப் புற்றுநோய் ஆவதாக இருந்தால் தெருவுக்குத் தெரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும்.

நடப்பது தலைகீழ். ரத்தப் புற்றுநோயில் மஜ்ஜை முழுக்கப் பக்குவமடையாத வெள்ளையணுக்கள் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் அங்கே இடமில்லாமல் போகும். அதனால் சோகை வரும். அந்தத் தெருக்காரருக்கு முதல் நாளிலேயே இருந்தது புற்றுநோயாகத்தான் இருந்திருக்கும், சோகை அதன் வெளிமுகம். ஆக, ஹெச்பியை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. சிவப்பு, வெள்ளை, தட்டு மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மட்டும் குறைந்து மற்ற இரண்டும் ஒழுங்காக இருந்தால் ஒரு கதை. இரண்டோ மூன்றோ சேர்ந்து கெட்டால் வேறு கதை.

கடைசியாக, முக்கியமானது. 41 வயதில் இரும்பு ஏன் தீர்ந்தது? மாதவிலக்கு எப்படி என்று அக்காவிடம் யாராவது கேட்டீர்களா?

நிலாவின் அம்மா:
டாக்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் "பயப்படாதே, இரும்புச்சத்துதான்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. அடிக்கடி காய்ச்சல், வெளிறிய முகம், ராத்திரியில் கால் வலிக்கிறது என்று அழுவாள். பக்கத்தில் காட்டிய இடத்தில் ஹெச்பி மட்டும் பார்த்து, ரத்தம் குறைவு என்று சிரப் கொடுத்தார்கள். கால்வலி வளர்கிற பிள்ளைக்கு வருவது என்றார்கள். சிரப் பாட்டில்தான் மாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் குளிப்பாட்டும்போது முழங்காலுக்குக் கீழே ஊசியால் குத்தினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று நினைத்து அழுத்திப் பார்த்தேன், மறையவில்லை. வேறு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்த்த அன்றே சொல்லிவிட்டார்கள். அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா, ரத்தப் புற்றுநோயில் ஒரு வகை.

இன்று அவள் பள்ளிக்குப் போகிறாள். சைக்கிளை மிதித்துக்கொண்டு போகிறாள், நான்தான் வாசலில் நின்று பார்க்கிறேன். ஆனால் அந்தச் சிரப் நாட்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

மஜ்ஜை:
நிலாவின் அம்மா, உங்கள் கோபம் நியாயம். ஹெச்பி மட்டும் பார்த்து டானிக் எழுதுவதைத்தான் நானும் குறை சொல்கிறேன்.

மற்றவர்களுக்காக ஒன்று. அழுத்தினால் மறையாத புள்ளிகள் தோலுக்கடியில் கசிந்த ரத்தம். தட்டணு குறைந்தால் வரும். அதற்கு டெங்கு உட்பட வேறு காரணமும் உண்டு, ஆனால் அன்றே காட்ட வேண்டும். விடாத காய்ச்சல், எலும்பு வலி, காரணமில்லாத கன்றல், பல் ஈறில் ரத்தம், கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டி: இவற்றில் ஏதாவது வெளிறலோடு சேர்ந்து வந்தால் டானிக் கதைக்கே போகக் கூடாது.

குழந்தைகளுக்கு வரும் இந்த வகைதான் இன்று நன்றாகக் குணமாகும் புற்றுநோய்களில் ஒன்று. வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பிழைக்கிறார்கள். இங்கே சிகிச்சையைப் பாதியில் விடுவதும் கிருமித்தொற்றும்தான் அந்த எண்ணிக்கையைக் கீழே இழுக்கின்றன.

சோதனைக்குழாய்:
ஸ்மியர் என்றால் என்ன என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், இங்கேயே சொல்கிறேன். கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் வைத்து, இன்னொரு துண்டின் விளிம்பால் ஒரே இழுப்பில் மெல்லிய படலமாகத் தேய்ப்போம். காய்ந்ததும் லீஷ்மன் சாயம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நல்ல சிவப்பணுவின் நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் வெளிறியிருக்கும். இரும்பு இல்லாத அணுவில் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக நிறம், நடுவெல்லாம் வெறும். அங்கங்கே பென்சில் மாதிரி நீண்ட அணுக்களும் கிடக்கும். பிளாஸ்ட் எனும் முதிராத அணு வேறு ரகம். பெரிய உட்கருதான் அணு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றைப் பார்த்தாலும் நாங்கள் போனை எடுத்துவிடுவோம்.

இன்னொன்று. திடீரென்று தட்டணு 20 ஆயிரம் என்று வந்து, ஆள் மட்டும் நன்றாக இருந்தால், ஊதா மூடிக் குழாயில் உள்ள ரசாயனத்தால் தட்டணுக்கள் ஒட்டிக் கட்டியாகியிருக்கலாம். மெஷின் கட்டியை எண்ணாது. ஸ்மியரில் தெரிந்துவிடும். நீல மூடிக் குழாயில் மறுபடி எடுத்தால் பெரும்பாலும் சரியான எண்ணிக்கை வரும். இது தெரியாமல் பப்பாளி இலையை அரைத்துக் குடித்து வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பேப்பர்:
சோகைக்கும் ரத்தப் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்துவிடாதீர்கள். மருந்துக் கதையில் இரண்டும் சந்திக்கின்றன, அதுவும் நம் ஊர் வழியாக.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான சோகையை ஆராய்ந்தார். அது சிவப்பணு அளவில் பெரிதாகிவிடும் வகை, இரும்பால் தீராதது. 1929இல் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் வேலை செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், இன்று திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று நாம் சொல்லும் கோஷா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஈஸ்ட் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அந்தச் சோகை தீர்கிறது என்று கண்டுபிடித்தார். அதில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவை 1940களில் அமெரிக்காவில் நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் கவனித்தது வேறு. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் போன்றவற்றைக் கொடுத்தால் நோய் இன்னும் வேகமாகிறது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்? ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்தைச் சுப்பாராவ் குழு செய்து கொடுத்தது. 1948இல் ஃபார்பர் வெளியிட்ட முடிவில் 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான், ஆனால் அதுவரை அதுகூட நடந்ததில்லை. அந்த வம்சத்தில் வந்த மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் லுக்கேமியா சிகிச்சையில் இருக்கிறது. சுப்பாராவ் அதே 1948இல் இறந்துபோனார். நோபல் எல்லாம் இல்லை.

நிலாவின் அம்மா:
மெத்தோட்ரெக்ஸேட்! எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அந்தக் கிழமை அட்டவணை ஒட்டியே இருந்தது. சுப்பாராவைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். நன்றி.

ஒரு மாத்திரைக்காரன்:
என் கதை வேறு. இன்ஷூரன்ஸ் எடுக்கப் போன இடத்தில் பார்த்த ரத்தத்தில் வெள்ளையணு லட்சத்தைத் தாண்டியிருந்தது. எனக்கு ஒன்றுமே செய்யவில்லை, கொஞ்சம் சாப்பிட்டாலே இடதுபக்கம் வயிறு திம்மென்று இருக்கும், அவ்வளவுதான். அது வீங்கிய மண்ணீரல். கிரானிக் மைலாய்டு லுக்கேமியா. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதால் வருவது. பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை, என் பிள்ளைகளைப் பற்றித்தான் முதலில் கேட்டேன்.

தினமும் இமாட்டினிப் மாத்திரை. சாப்பாட்டோடு போட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். நோய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அவ்வப்போது பி.சி.ஆர். என்ற ரத்த டெஸ்ட்.

ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சுவிஸ் நிறுவனமான நோவார்டிஸ் விற்ற இந்த மருந்துக்கு இந்தியாவில் ஒரு காலத்தில் மாதம் ஒரு லட்சத்துக்கு மேல். இங்கே தயாரித்தது பத்தாயிரத்துக்குள். காப்புரிமை கேட்ட விண்ணப்பத்தை 2006இல் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிராகரிப்பு சரி என்று தீர்ப்பு. நான் உயிரோடு இதை டைப் செய்வதில் கிண்டியில் இருக்கும் அந்தக் காப்புரிமை ஆபீசுக்கும் ஒரு பங்கு உண்டு.

கூடலூர் செவிலி:
இரும்பு மாத்திரை எல்லாச் சோகைக்கும் மருந்தில்லை என்பதை நானும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நீலகிரி மலையில் வேறு இரண்டு உண்டு.

ஒன்று அரிவாள் அணுச் சோகை. இந்தியாவில் அது முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952இல். ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து மெல்லிய நாளங்களில் அடைத்துக்கொள்ளும். கை, கால், இடுப்பு எலும்பில் வரும் வலி சாதாரண வலி இல்லை, பெரிய ஆம்பளைகளே கத்துவார்கள். வேலைக்குப் போகாமல் ஏமாற்றுகிறான் என்று எஸ்டேட்டில் திட்டு வேறு. ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து கொடுத்தால் வலி வரும் தடவைகள் குறைகின்றன. 2023 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் பரிசோதித்து அட்டை கொடுக்கிறோம்.

இன்னொன்று தலசீமியா கடத்தி. தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய், அதன் மரபணுவை அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் கடத்தி. மலை, சமவெளி எல்லா இடத்திலும் உண்டு. ஆளுக்கு ஒரு குறையும் தெரியாது, ஹெச்பி 10, 11இல் நிற்கும், எம்.சி.வி. 65. இரும்புக் குறைவு என்று வருடக்கணக்கில் மாத்திரை தின்பார்கள், ஏறாது. கடத்திக்கும் கடத்திக்கும் கல்யாணம் ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்குத் தலசீமியா மேஜர், காலமெல்லாம் ரத்தம் ஏற்ற வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் என்று முடிக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஜாதகம் பத்து இடத்தில் பார்க்கிறீர்கள், இந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் கௌரவம் போய்விடுமா?

தேனிக்காரி:
அப்படியானால் அக்காவுக்குத் தலசீமியா இல்லையா? அவள் எம்.சி.வி.யும் 63தானே?

சோதனைக்குழாய்:
நல்ல கேள்வி. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், எண்ணிக்கையை மில்லியனில் எடுத்து. 63ஐ 3.9ஆல் வகுத்தால் 16. கடத்திகளுக்கு அணு சிறியது, ஆனால் எண்ணிக்கை ஏராளம், 50 லட்சத்துக்கு மேலேகூட. அதனால் வகுத்தால் 13க்குக் கீழே வரும். மென்ட்ஸர் குறியீடு என்பார்கள். இது ஒரு குத்துமதிப்புதான். உறுதிப்படுத்த ஹீமோகுளோபினில் ஒரு வகையான ஹெச்பி ஏ2வின் அளவைப் பார்க்க வேண்டும், அதையும் இரும்பு நிரம்பிய பிறகு பார்த்தால் நல்லது. இரும்பு இல்லாதபோது அந்த அளவு பொய்யாக இறங்கிக் காட்டும்.

அவல் உப்புமா:
நாங்கள் சுத்த சைவம். என் மாமனாருக்கு இதற்கு நேர்மாறு, எம்.சி.வி. 118. மூன்று அணுவும் குறைவு. மஜ்ஜை எடுக்க வேண்டும் என்றதும் வீடே அழுதது. கடைசியில் பி12 குறைவு. ஊசி போட்டதும் மனுஷன் எழுந்து நடக்கிறார். பாதம் மரத்துப்போனது மட்டும் இன்னும் முழுக்கச் சரியாகவில்லை.

மஜ்ஜை:
பி12 குறைவு லுக்கேமியா மாதிரியே வேஷம் போடும், அதனால்தான் மஜ்ஜை பார்க்கும் முன் பி12 பார்க்கிறோம். ஒரு எச்சரிக்கை: பி12 குறைவில் வெறும் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் தின்றால் ஹெச்பி ஏறிவிடும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

தேனிக்காரி:
ஃபெரிடின் வந்துவிட்டது. 4. ஸ்மியரில் இரும்புக் குறைவுதான், வேறு அணு ஏதும் இல்லை. டாக்டர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். பெரும்பாடாம், மாதவிலக்கில் ரத்தம் அளவுக்கு மீறிப் போகிறதாம். சிறு பையன் பிறந்ததிலிருந்தே அப்படியாம், கட்டி கட்டியாகப் போகுமாம், "எல்லா பொம்பளைக்கும் இருக்கறதுதானே" என்கிறாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. மகளிர் மருத்துவரிடம் போகிறோம். மாத்திரை போட்டால் குமட்டுகிறது, என்ன செய்ய?

மஜ்ஜை:
ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். உறிஞ்சுவதும் நன்றாக இருக்கும், குமட்டலும் குறையும். முடியாவிட்டால் ரத்தநாளம் வழியாக ஏற்றும் இரும்பு மருந்து இருக்கிறது. டீ, காபி, பால் மாத்திரையோடு வேண்டாம். தைராய்டு மாத்திரை போடுபவர் என்றால் இரண்டுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி. ஹெச்பி ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், கிடங்கு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது ஆகும்.

மண்வாசனை:
சண்டை போட்டவன்தான் கேட்கிறேன் டாக்டர். அப்பாவுக்கு 66 வயது. ஹெச்பி 9.1, எம்.சி.வி. 70. மாத்திரை எதுவும் இன்னும் தொடங்கவில்லை. மாமிசம், கீரை எல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறவர். சுவரொட்டி வாங்கிக் கொடுத்தால் போதுமா?

மஜ்ஜை:
போதாது. மாதவிலக்கு இல்லாத உடம்பில் இரும்பு தீர்கிறது என்றால் எங்கோ ரத்தம் போகிறது, பெரும்பாலும் குடலில். மலம் எப்படிப் போகிறது? இதயத்துக்கு, மூட்டுவலிக்கு என்று ஏதாவது மாத்திரை போடுகிறாரா?

மண்வாசனை:
ஆஸ்பிரின் போடுகிறார், இதய ரத்தநாள அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர். மூட்டுவலிக்கு மெடிக்கலில் அவராகவே ஏதோ வாங்கிப் போடுவார். மலம் கொஞ்ச நாளாகக் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாற்றமும் அதிகம் என்று அம்மா சொல்கிறார்.

மஜ்ஜை:
இரும்பு மாத்திரை தின்பவர்களுக்கும் கறுப்பாகத்தான் போகும், ஆனால் தார் மாதிரி ஒட்டாது, இந்த நாற்றமும் இருக்காது. அவர் அதைத் தொடங்கவே இல்லை. இது வயிற்றிலோ மேல்குடலிலோ கசியும் ரத்தமாக இருக்கலாம். வெளிநோயாளி டோக்கனுக்குக் காத்திருக்க வேண்டாம், இன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். எண்டோஸ்கோப்பி பார்ப்பார்கள், தேவைப்பட்டால் பெருங்குடலும் பார்ப்பார்கள். மூட்டுவலி மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள், அந்த மாத்திரை அட்டையைக் கையில் கொண்டு போங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம், ஸ்டென்ட் இருப்பதால் அதை அங்கே இருப்பவர்கள் முடிவு செய்யட்டும்.

மண்வாசனை:
ஆட்டோ சொல்லியாச்சு. கிளம்புகிறோம்.